தாடை ஆடாத வைஸ்

என் வீட்டுக்காரர் அய்யாக்கண்ணு மல்லாபூரில் ஒரு வார்ப்புக் கம்பெனியில் கிரைண்டர் பிடித்தவர். அச்சிலிருந்து எடுத்த இரும்பில் ஓரமெல்லாம் பிசிறு நிற்கும். அதைக் கை கிரைண்டரால் தேய்த்து எடுப்பதுதான் வேலை. கல்யாணத்துக்கு முன்னால் சேர்ந்தவர், எங்கள் மகள் ஜெஸ்ஸி படிப்பு முடித்து வேலைக்குப் போகும் வரைக்கும் அதையே செய்தார். வேறு வேலை கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வருவார், கடைசி வரிசையில் நிற்பார், நேராக வீட்டுக்கு வருவார். அவரைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது என்று நானே நினைத்திருந்தேன்.

ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்த வாரத்தில் ஒருநாள், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே வந்துவிட்டார். கிரைண்டர் கையிலிருந்து நழுவி ஓடியதாம். பக்கத்தில் நின்றவன் கால் தப்பியது கடவுள் புண்ணியம். "ரெஸ்ட் எடு, கூப்பிட்டு அனுப்பறோம்" என்றார்களாம். கூப்பிடவில்லை. இவரும் போய்க் கேட்கவில்லை.

நான் சைனிக்புரியில் ஒரு மிலிட்டரி ஆபீசர் வீட்டில் சமைக்கிறேன். லாலாகுடாவில் எங்கள் வீட்டைவிட்டுக் காலையில் கிளம்பும்போது அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். திரும்பி வரும்போதும் அதே நாற்காலிதான். டிவி ஓடும், பார்க்கமாட்டார். எனக்குக் கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. வடிப்பேன், போடுவேன், பாத்திரம் கழுவுவேன், படுப்பேன். டீ கிளாஸ் இரண்டு மூன்று அவர் கையிலிருந்து விழுந்து உடைந்தது. பெருக்கித் தள்ளிவிட்டு எவர்சில்வர் டம்ளரில் கொடுத்தேன். ஏன் விழுகிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

ஒன்றே ஒன்றுதான் உறுத்தியது. ஜெபமாலை சொல்லும்போது ஒவ்வொரு மணியாக விரலால் நகர்த்தி வருகிறவர், மாலையை அப்படியே உள்ளங்கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்தார். நடுநடுவே என் முகத்தையே பார்த்தார். வேலை போனதில் மாதாமேல் இருந்த விசுவாசமும் போய்விட்டது என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். அவருக்கு விசுவாசம் திரும்பக் கிடைக்கவேண்டும் என்று தனியாக நவநாள் ஜெபம் சொல்லத் தொடங்கினேன்.

தவக்காலத்தில் தேவராஜ் வீட்டுக்கு வந்தார். எங்கள் கோயில்காரர்தான். பாலாநகரில் கதவு, பீரோவுக்குப் பித்தளைக் கைப்பிடி வார்க்கிற சின்னப் பட்டறை வைத்திருக்கிறார்.

"என்னாண்ணா, நாற்காலிக்கு வேர் விட்டுடப் போவுது. எந்திரி. என் கைப்பிடிங்களுக்குப் பிசிறு எடுத்துக் குடு. கிரைண்டர் வேணாம், அரம் போட்டாப் போதும். மூட்டைய நானே கொண்டாந்து போடறேன். நீ ஒரு வைஸ் மட்டும் வாங்கிக்க."

வைஸ் என்பது மேஜையில் போல்ட் போட்டு இறுக்குகிற இரும்புச் சாமான். இரண்டு தாடை இருக்கும். ஒன்று நிற்கும், ஒன்று நகரும். முன்னால் இருக்கிற கம்பியைச் சுற்றினால் நகர்கிற தாடை நெருங்கி வந்து, நடுவில் வைத்ததைக் கவ்விக்கொள்ளும். அப்புறம் இரண்டு கையாலும் அரம் போடலாம்.

"எந்துக்கு டாடி அலையறது? ஆன்லைன்ல போடு, ரேப்பே வஸ்துந்தி" என்றாள் ஜெஸ்ஸி. இந்த ஊரில் வளர்ந்தவள், அவளுக்குத் தெலுங்குதான் முந்தும்; எதற்கு அலைவது, நாளைக்கே வந்துவிடும் என்கிறாள்.

"வைஸு கையால தொட்டுப் பாத்து வாங்கற சாமான்" என்றார் அவர்.

எத்தனையோ நாளைக்கு அப்புறம் ஒரு முழுப் பேச்சு. அதற்கே மாதாவுக்கு நன்றி சொன்னேன். சனிக்கிழமை சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். பொத்தானை நான்தான் போட்டுவிட்டேன். "நீயும் வா மேரி" என்றார். ஒரு பல்பு வாங்கக்கூட என்னைக் கூட்டிப் போகாதவர். நான் பார்த்த பார்வைக்கு, "தூக்க ஆள் வேணும்ல" என்றார்.

ராணிகஞ்சில் சலீம் பாயின் இரும்புச் சாமான் கடைக்குப் போனோம். ஆம்பூர்க்காரக் குடும்பம். இங்கேயே பிறந்து வளர்ந்தவர், தமிழும் பேசுவார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, நீலத்தில் ஒன்று, பச்சையில் ஒன்று, கறுப்பில் ஒன்று என்று மூன்று வைஸை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"எல்லாம் நாலு இன்ச்சுதான் அண்ணே. அடி சுத்தற மாதிரி வேணும்னாலும் இருக்குது."

"சுத்தறது நக்கோ பாய், வேணாம். அரம் தள்ளத் தள்ள அதுவும் அசையும்."

"ஹவ், ஆமா. தெரிஞ்சவங்ககிட்ட நா எதுக்கு வாயத் தொறக்கறேன்!"

இவர் ஒவ்வொன்றையும் புரட்டி அடிப்பக்கம் பார்த்தார். வார்ப்பில் ஓட்டை இருந்தால் லப்பம் வைத்து அடைத்து, மேலே பெயிண்ட் பூசிவிடுவார்களாம். ஒரு ஸ்பேனரால் தட்டிக் காதைக் கிட்டக் கொண்டுபோனார். கணீர் என்று கேட்டால் வெடிப்பு இல்லையாம். கம்பெனியில் இப்படித்தான் நின்றிருப்பார் போலிருக்கிறது. நான் பார்த்ததே இல்லை.

பிறகு நீல வைஸைப் பாதி திறந்து, நகர்கிற தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டினார். லொடக் லொடக் என்று சத்தம் எனக்கே கேட்டது. தெருவில் லாரி போய்க்கொண்டிருந்தது. அவருக்குக் கேட்டதோ இல்லையோ.

"ஆட்டமே இல்ல. இதையே குடுங்க" என்றார்.

சலீம் பாய் சிரித்தார். "என்னாண்ணே, தமாஷா? கல்யாண ஊர்வலத்துல ஆடற மாதிரி ஆடுது. என் சரக்க நானே கொற சொல்ல வெக்கிறீங்களே. அது வேணாம், இந்தப் பச்சையப் பாருங்க."

இவர் சிரிக்கவில்லை. பச்சை வைஸை இழுத்தார். இரண்டு தாடையும் ஒரே மட்டமாகச் சேர்கிறதா என்று மேல் விளிம்பில் விரலை வைத்துத் தடவிக்கொண்டே, வலது கையால் கம்பியைச் சுற்றினார். தாடை மூடியது. அவர் விரல் நுனி உள்ளே இருந்தது. இன்னும் கொஞ்சம் சுற்றினார். பச்சைப் பெயிண்டின்மேல் ரத்தம் கோடாக இறங்கியது. அவர் அந்தப் பக்கத்து விளிம்பைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க!"

"என்னா?"

சலீம் பாய் எட்டிக் கம்பியைப் பின்பக்கமாகச் சுற்றினார். நான் பார்க்கிற இடத்தை இவரும் பார்த்தார்.

"ரத்தமா?" என்றார். வெளியே மழையா என்று கேட்கிற குரலில்.

சலீம் பாய் துணி கிழித்து விரலில் சுற்றினார். "வலிக்கலியாண்ணே?"

இவர் துணி சுற்றிய விரலைத் திருப்பிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னார்: "ரொம்ப நாளாவே வலி தெரியறதில்ல மேரி. ரெண்டு கையும்தான். மரத்துப் போச்சு. மாலையில மணிகூட தட்டுப்பட மாட்டேங்குது. எந்த மணியில இருக்கோம்னு உன் வாயப் பாத்துதான் தெரிஞ்சுக்கறேன்."

அழவேண்டும் என்று தெரிந்தது. வரவில்லை. 'மாதாவே' என்று வாய் சொன்னது, அவ்வளவுதான். அவர் விசுவாசம் எங்கேயும் போகவில்லை. நான்தான் இத்தனை நாளும் தவறான விண்ணப்பத்தைப் போட்டுக்கொண்டிருந்தேன் என்று ஒரு நினைப்பு வந்தது. அதுவும் யாருடைய வீட்டு விஷயமோ போல வந்து போனது.

"வூட்டுக்குப் போலாம் வாங்க" என்றேன்.

அவர் நகரவில்லை. "நீ தொட்டுப் பாரு" என்றார். "அதுக்குத்தான் கூட்டினு வந்தேன். கேக்க வாய் வரல."

"எனக்கு என்னா தெரியும்?"

"நான் சொல்றேன். பாதி தொறந்து வையி. நகர்ற தாடையப் புடிச்சு ஆட்டு."

பச்சையைத் துடைத்துவிட்டுப் பிடித்து ஆட்டினேன். "அசையுது."

"எவ்ளோ?"

"குக்கர் பிடியில ஸ்குரு லூஸான மாதிரி."

"அப்ப வேணாம்."

"அல்லா!" என்றார் சலீம் பாய். "இனிமே சமையக்காரங்கள எல்லாம் வைஸு பாக்கக் கூட்டினு வருவாங்க. நா கடைய மூடிட்டுப் போறதுதான்." அவர் சத்தமாகப் பேசியது எங்களுக்காகத்தான். நல்ல மனுஷன்.

கறுப்பு வைஸைப் பிடித்தேன். அது சுவர் மாதிரி நின்றது. கம்பியைச் சுற்றச் சொன்னார். ஓர் இடத்தில் மணல் கடித்தாற்போல் இருந்தது, சொன்னேன். பாய் எண்ணெய் விட்டார். மறுபடி சுற்றினேன், வழுவழுவென்று போனது. கடைசியில் தாடையை மூடிவைத்து, தெருப்பக்கம் திருப்பச் சொல்லி, அவரே குனிந்து பார்த்தார். நடுவில் வெளிச்சக்கீற்று தெரியவில்லை. "இதான்" என்றார். நான் ஒரு பக்கமும் அவர் முழங்கையால் அணைத்து ஒரு பக்கமுமாக ஆட்டோவில் ஏற்றினோம்.

அடுத்த வாரம் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். கிரைண்டர் அதிர்ந்து அதிர்ந்து நரம்பு கெட்டிருக்கிறது, இனி அதைத் தொடக்கூடாது, கையைச் சூடாக வைத்துக்கொள்ளுங்கள், உணர்ச்சி திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். சரி என்று சொல்லிவிட்டு வந்தோம்.

பின்பக்கம் குழாயடியில் பழைய மேஜை போட்டு, ஜெஸ்ஸி ஸ்பேனர் பிடித்து முடுக்க, வைஸ் உட்கார்ந்தது. தேவராஜ் மூட்டையை இறக்கிவிட்டுப் போனார். அவரிடம் இவர் கையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நான் சொல்ல வாயெடுத்தேன், வேண்டாம் என்று கண்ணால் சொன்னார்.

அன்று சைனிக்புரியிலிருந்து திரும்பி வந்தபோது தரையில் கைப்பிடிகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். எல்லாம் நசுங்கியிருந்தன. பித்தளை இரும்பு மாதிரி இல்லை, இளகல். எவ்வளவு முடுக்கினோம் என்று அவர் கைக்குத் தெரியாததால், முடுக்கிக்கொண்டே போயிருக்கிறார். தாடையின் பல் ஒவ்வொன்றிலும் பதிந்திருந்தது. அலுமினியத் தகட்டை மடித்துத் தாடைக்கு உறை போட்டுப் பார்த்தார். பல் பதியவில்லை. ஆனாலும் நசுங்கியது.

"நகருங்க" என்றேன். கைப்பிடியை அவர் நடுவில் வைத்தார், நான் சுற்றினேன். சாமான் அசையாமல் நின்ற இடத்தில் நிறுத்தினேன். அவர் இரண்டு உள்ளங்கையாலும் அரத்தைப் பிடித்துத் தள்ளினார். பிசிறு இருக்கும்வரை கரகரவென்று கேட்டது, போனதும் சத்தம் மாறியது. அவர் சட்டென்று நிறுத்திக் குனிந்து, கண்ணைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். நன்றாகவே வந்திருந்தது. அப்படியே இன்னும் கொஞ்சம் செய்தோம். அதற்குள் உலை வைக்கிற நேரம் ஆகிவிட்டது.

தேவராஜ் சரக்கு எடுக்க வந்தபோது, முடிந்தது ஒரு சின்னக் குவியல், நசுங்கியது ஒரு குவியல், மூட்டை முக்கால்வாசி அப்படியே. மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"தேவராஜு, என் கை மரத்துப் போச்சுப்பா" என்றார் இவர். "புடிக்கிறது தெரியல. மேரி முடுக்கிக் குடுத்தா அரம் போடறேன். இல்லன்னா நசுக்கிடறேன். வேணான்னா மூட்டையத் தூக்கினு போயிடு, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

தேவராஜ் முடிந்த குவியலில் ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் ஓரத்தைத் தடவினார். "இத எனக்கு மொதல்லயே சொல்றதுக்கு என்னாண்ணா?" என்றார். நசுங்கியதில் ஒன்றையும் எடுத்துப் பார்த்தார். "சரி, நசுங்கினத நா உருக்கிக்கறேன். ஒரு நாளைக்கு எவ்ளோ முடியும்?"

"அவ வூட்ல இருக்கிற நேரத்துக்கு எவ்ளோவோ அவ்ளோதான்."

தேவராஜ் மூட்டையில் பாதியைப் பிரித்து வேறு சாக்கில் போட்டு எடுத்துக்கொண்டார். மீதியை விட்டுவிட்டு, ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போனார்.

இவர் மீதி மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்துத் தாடைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு நின்றார். கூப்பிடவில்லை. நான் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கம்பியைச் சுற்றினேன்.