அக்கா வீட்டுக்கு அனுப்பச் சொன்னது நான்தான்

சிங்கப்பூரில், சுவா சூ காங் பக்கம் ஒரு தமிழ் வீட்டில் தங்கி வேலை செய்கிறேன். மேடம் அப்போது மாசமாக இருந்தார். ஊரில் என் மகளும் மாசம். ரெண்டு பேருக்கும் எட்டாம் மாசம்.

செக்கப்புக்கு மேடத்தோடு நானும் போவேன், பை தூக்க. சிராங்கூன் ரோட்டுப் பக்கம் கிளினிக். போனதும் பிரஷர் பார்ப்பார்கள். அதை ஒரு நாளும் விட்டதில்லை.

மகள் வாக்கப்பட்ட ஊரிலும் குறை சொல்ல முடியாது. நர்சம்மா வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து நோட்டில் எழுதிவிட்டுப் போவார். நான்தான் கெடுத்தேன். வளைகாப்பு முடிந்தால் பெண் தாய்வீடு வரவேண்டும். தாய் நான் இங்கே கிடக்கிறேன். என் அக்கா வீட்டுக்காவது அனுப்புங்கள் என்று சம்பந்தியிடம் பிடிவாதம் பிடித்தேன். அக்கா ஊர் வேறு மாவட்டம். நோட்டு மாமியார் வீட்டிலேயே தங்கிவிட்டது. புது ஊரில் இவள் வந்திருப்பது எந்த நர்சுக்கும் தெரியாது. ஒரு மாசம் யாரும் பிரஷர் பார்க்கவில்லை.

அன்றைக்கு மேடத்துக்குக் கால் வீக்கம், தலைவலி. நர்ஸ் பிரஷர் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். டாக்டர் வந்து, "வீட்டுக்குப் போக வேணாம், நேரா ஆஸ்பத்திரி" என்றார்.

"கால் எல்லாருக்கும் வீங்கும்லா, டாக்டர்" என்றார் மேடம்.

"பிரஷர் ரொம்ப ஏறியிருக்கு. விட்டா வலிப்பு வரும். ரெண்டு உயிருக்கும் ஆபத்து."

முதல் நாள்தான் மகள் போனில் சொன்னாள், செருப்பு காலில் ஏறவில்லை, தலை வலிக்கிறது என்று. தலைச்சன் பிள்ளைக்கு அப்படித்தான், உப்பைக் குறை என்று சொல்லிவிட்டேன்.

வாசலுக்கு வந்து மகளுக்குப் போன் போட்டேன். மூணு தடவை எடுக்கவில்லை. நாலாவதுக்கு அக்கா எடுத்தாள்.

"கண்ணு மங்குதுன்னு படுத்திருக்காடி."

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக்கா. இப்பவே."

"செவ்வாய்க்கிழமை புள்ளத்தாச்சிய வெளிய கூட்டிட்டுப் போறதா? சிங்கப்பூர் போய் டாக்டராயிட்டியா நீ?"

"ஆயிட்டேன். வண்டிக்குப் போன் பண்ணு."

என் குரலைக் கேட்டு, சரி என்று போனை வைத்தாள்.

ஆஸ்பத்திரியில் மேடத்தைச் சுற்றி நாலு பேர் நின்றார்கள். என் மகள் பக்கத்தில் யார் நிற்கிறார்களோ தெரியவில்லை. வண்டி வந்ததா, அதுவும் தெரியவில்லை. மேடத்தின் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

சாயங்காலத்துக்குள் மேடத்துக்குப் பிரஷர் இறங்கியது. அப்போதுதான் அக்கா கூப்பிட்டாள். போகிற வழியில் வண்டியிலேயே வலிப்பு வந்துவிட்டதாம். ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்துவிட்டார்கள். பெண் பிள்ளை. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். மகள் கண் திறக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் திறந்தாள். 'அம்மா' என்றாள் போனில்.

பிள்ளை இன்னும் பெட்டியில்தான். போன் அடித்தால் எடுக்கப் பயமாக இருக்கிறது.

நேற்று சம்பந்தியம்மா கேட்டார்.

"டிஸ்சார்ஜ் ஆனா உங்க அக்கா வீட்டுக்குத்தானே?"

"வேணாம். உங்க வீட்டுக்கே கூட்டிட்டுப் போங்க."

"தாய்வீட்டுல சீண்ட ஆளில்லன்னு பேசுவாங்க சம்பந்தி."

பேசட்டும் என்றேன்.