சகலையின் பழைய கார்

ராஜகோபுரத்துக்கு முன்னால் என் புதுக் காருக்குப் பூஜை போட்ட அன்றைக்குத்தானா சகலை தன் பழைய இங்கிலாந்து வண்டியைக் கொண்டுவர வேண்டும்? சைக்கிள் பட்டறையாகத் தொடங்கி, காரில் பேரெடுத்து, கடைசியில் கைமாறி மூடிப்போன அந்த வண்டிக் கம்பெனியின் கதையைச் சொந்தத் தாத்தா கதை மாதிரி அளந்தார். என் கார்ச் சக்கரத்தடியில் வைக்கவேண்டிய எலுமிச்சம்பழத்தோடு குருக்களும் கதை கேட்டபடி அங்கேயே நின்றுவிட்டார். எனக்கு வயிறெரிந்தது.

கிளம்பும்போது அந்த வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. அப்பாடா என்றிருந்தது.

“கொஞ்சம் தள்ளுங்க சகலை!”

தள்ளினேன். கூட்டம் செல்போனில் படமெடுத்தது. அந்தப் படத்தில் வண்டி என்னுடையது போலச் சிரிக்கிறேன்.

என் புதுக் காரை அன்றைக்கு ஒருத்தரும் படமெடுக்கவில்லை. நானும்தான்.