மழையில் மடக்கிய குடை

இன்று காலை ஈப்போவை அடுத்த லகாட் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்கு, கணக்கெழுதும் கிராணி வேலை கேட்டுப் போனேன்.

"ஆளுங்கள எப்படி நடத்துறாங்கன்னு பாத்துட்டு ஒத்துக்க மச்சான். அவசரப்படாத லா," என்று ஈப்போவில் என்னோடு தங்கியிருக்கும் முத்து சொல்லி அனுப்பினான். எனக்கும் அதே எண்ணந்தான். மரியாதை கெட்ட இடமென்றால் திரும்பிவிடுவது.

தோட்டத்துப் பாதையில் நல்ல மழை. எதிரே, பாலெடுக்கப் பால்மரம் வெட்டும் ஆள் ஒருவர் குடை பிடித்து வந்தார். என் மேல்கோட்டையும் காலில் சப்பாத்தையும் கண்டதும் ஒதுங்கி நின்று குடையை மடக்கினார். துரைக்கும் கிராணிக்கும் முன்னால் அங்கே யாரும் குடை பிடிக்கக் கூடாதாம்.

"கும்புடுறேங்க ஐயா," என்றார், நனைந்தபடி.

"குடையப் புடிங்கண்ணே," என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் லேசாகத் தலையசைத்துவிட்டு, என் குடைக்குள் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தேன். நடக்க நன்றாகவே இருந்தது.

வெள்ளைக்காரத் துரை இரண்டே கேள்வி கேட்டு வேலையைக் கொடுத்துவிட்டார்.

சாயங்காலம் முத்து கேட்டான்: "எடம் எப்படி? நமக்கு ஒத்து வருமா?"

"எனக்கு ஒத்து வரும்," என்றேன். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

வாழ்த்துச் சொல்ல வருகிறவர்கள் வரலாம். மழை பெய்தால் மட்டும் தயவுசெய்து என்னைக் கண்டதும் குடையை மடக்காமல் வாருங்கள்.