நைனா இருந்த பத்தியம்

அக்கி வந்து போன பிறகும் நைனாவுக்கு விலாவில் வலி மட்டும் போகவில்லை. கொப்புளம் ஆறி வடுவும் மங்கிவிட்டது. ஆனால் சட்டைத் துணி உரசினாலே துடித்துப்போவார். அந்த முறை நான் சென்னையிலிருந்து வந்தபோது, செஞ்சி பஸ் ஸ்டாண்டில் சட்டையின் இடப்பக்கத்தை இரண்டு விரலால் உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தார். மற்றொரு கையால் என் பையைப் பிடுங்கிக்கொண்டார். கெஞ்சியும் திருப்பித் தரவில்லை. அப்படியொரு வீம்பு பிடித்த மனுஷன்.

நான் ஆராய்ச்சிக்கூடத்தில் செய்வது வலி சம்பந்தப்பட்ட வேலை. கடல் சாமந்தி என்று ஓர் உயிரினம் உண்டு. பாறையில் ஒட்டிக்கொண்டு பார்க்கப் பூ மாதிரி இருக்கும், தொட்டால் கொட்டும். அதன் நஞ்சில் உள்ள சிறு புரதத் துண்டு ஒன்று, நம் நரம்பு முனையில் வலியை வாங்கி உள்ளே அனுப்பும் வாசலை அடைக்கிறது. மிளகாயின் எரிச்சல் நுழைவதும் அதே வாசல் வழியாகத்தான். இதையெல்லாம் போனில் நைனாவுக்குச் சொல்லியிருந்தேன். "அது எப்பம்மா மருந்தா வரும்?" என்று அவர் கேட்டபோதெல்லாம், "சீக்கிரம் வந்துடும் நைனா" என்றும் சொல்லியிருந்தேன். வலியில் இருப்பவரிடம் வேறென்ன சொல்வது?

மதியம் அவர் தட்டில் வெறும் மோர்ச்சோறு. கருவாட்டுக் குழம்பை என் பக்கம் தள்ளிவிட்டார். காரம் குறைந்தாலே தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போகிற ஆள் அவர்.

"ரெண்டு மாசமா இப்டித்தான்," என்றாள் அம்மா. "மொளகாயத் தொடறதில்ல. மாத்திரையும் தொடறதில்ல. உன் மருந்துக்குப் பத்தியமாம்."

போய் அலமாரியைத் திறந்தேன். டாக்டர் கொடுத்த இரண்டு மாத மாத்திரை அட்டைகள் பிரிக்காமல் அடுக்கியிருந்தன. எங்கள் பக்கம் அக்கிக்குக் காவி குழைத்து உடம்பில் எழுதுவார்கள்; அது குணமாகும்வரை வேறு மருந்து கூடாது, காரம் கூடாது. நைனா அதே முறையை என் மருந்துக்கும் கடைப்பிடித்திருக்கிறார்.

"ஒண்ண ஒண்ணு முறிச்சிக்கும்ல," என்றார். "நீ கொண்டாந்து குடுக்கறப்ப உடம்பு சுத்தமா இருக்கட்டும்னுதான்."

கத்தல் வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் திட்டவேண்டியது அவரையில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். "நைனா, அது இன்னும் மருந்தே ஆவல. எலிக்குத்தான் குடுத்துப் பாக்கறோம். மனுஷருக்கு வர எத்தன வருஷம் ஆவும்னு எனக்கே தெரியாது. வராமலும் போவலாம். சீக்கிரம்னு நான் சொன்னது தப்பு."

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். எனக்கு வெட்கமாக இருந்தது.

"எலிக்கு எப்டி வலி வரும்?" என்று கேட்டார்.

"நாங்கதான் வர வெப்போம். கால்ல ஊசி போட்டு."

"உன் மருந்து கேக்குதா அதுக்கு?"

"கேக்குது நைனா. கால நக்கறத நிறுத்திடுது."

"அப்ப சரி," என்றார். "மொதல்ல அதுக்கே குடு. அதுவாவது படுத்துத் தூங்கட்டும்."

சாயங்காலம் முரண்டு பிடிக்காமல் என்னோடு டாக்டரிடம் வந்தார். நின்றுபோன மாத்திரையை முதலிலிருந்து குறைந்த அளவில் ஆரம்பிக்க வேண்டும் என்று டாக்டர் எழுதினார். எழுதிக்கொண்டே, தூக்கம் எப்படி என்று விசாரித்தார். நைனா என் முகத்தைப் பார்க்காமல் பதில் சொன்னார்.

"ரெண்டு மாசமா இல்ல சார்."