தலையில் கை வைத்துக் காட்டிய அக்கா

இன்று காலை கடலூரிலிருந்து பைக்கில் சிதம்பரம் போய்க்கொண்டிருந்தேன். ஹெல்மெட் வழக்கம்போல பெட்ரோல் டேங்க் மேல்.

புதுச்சத்திரம் தாண்டி ஒரு வளைவு. அதற்கு முன்னால் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, அவித்து விற்கும் ஓர் அக்கா, என்னைப் பார்த்துத் தலையில் கை வைத்துக் காட்டினார். நம் ஊரில் இதற்கு ஒரே அர்த்தம்தான்: முன்னால் போலீஸ் செக்கிங். அவசரமாக நிறுத்தி ஹெல்மெட்டை மாட்டினேன்.

வளைவைத் தாண்டினால் ஒரு காக்கிச்சட்டையும் இல்லை. கடுப்பாகிவிட்டது. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தேன்.

“என்னாக்கா, போலீஸ் எங்க?”

“போலீஸ்லாம் இல்ல தம்பி. எங்க வூட்டுக்காரரு இந்த வளைவுலதான் வண்டியோட வுழுந்தாரு. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள உசுரு போயிடுச்சு. ஒரு ஸ்பீடு பிரேக்கர் போடுங்கன்னு ஹைவேஸ் ஆபீசுல போய்க் கேட்டேன். இங்க செத்தவங்க எண்ணிக்க பத்தலையாம். இன்னும் சேந்தா பாக்கலாம்னுட்டாங்க.”

பேசிக்கொண்டே, தூரத்தில் வந்த இன்னொரு பைக்கைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். அவனும் பதறிப்போய் ஹெல்மெட்டை மாட்டினான்.

“அந்த எண்ணிக்க சேராம பாத்துக்கறேன். அவ்ளோதான். நீ மொதல்ல அந்தப் பட்டைய மாட்டு, தொங்குது பாரு.”

மாட்டினேன்.

மாலை திரும்பி வரும்போது, ஹெல்மெட் இல்லாமல் எதிரே வந்தவர்களுக்கெல்லாம் நானும் தலையில் கை வைத்துக் காட்டிக்கொண்டே வந்தேன். அந்த ரோட்டில் இன்று போலீசைத் தேடி ஏமாந்தவர்கள் கமெண்டில் வந்து தாராளமாகத் திட்டலாம்.

வீடு போய்ச் சேர்ந்ததும் திட்டுங்கள்.