டர்போ ஆறுகிற நேரம்

எங்கள் மாமா எந்த ஊருக்குப் போனாலும் வண்டியை உடனே அணைக்க மாட்டார். நிறுத்திவிட்டு, இன்ஜின் சும்மா ஓடிக்கொண்டிருக்க, முன்னால் வைத்திருக்கும் தகரப் பெட்டியைத் திறப்பார். வெற்றிலை ஒன்றை எடுத்து வேட்டியில் துடைத்து, காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, மடித்து வாயில் ஒதுக்குவார். அப்புறம்தான் சாவியைத் திருப்புவார். டர்போ ஆறுகிற நேரமும் ஒரு வெற்றிலை போடுகிற நேரமும் ஒன்று என்பது அவர் கணக்கு. இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற சுழலிதான் டர்போ; ஓடின ஓட்டத்தில் அது அடுப்புத் தணல் மாதிரிச் சிவந்து கிடக்குமாம். சட்டென்று அணைத்தால் ஆயில் போவது நின்று, உள்ளே இருக்கிறது கருகிவிடுமாம். வெயிலில் கதிர் அறுத்துவிட்டு வந்தவனை வந்ததும் வராததுமாகக் குளத்தில் தள்ளுவாயா என்று கேட்பார். எனக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் சொன்ன எதுவும் இந்த அளவுக்கு மனசில் பதியவில்லை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. வளைகுடாவில் ஒரு கார்ப் பட்டறையில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். திரும்பி வந்ததும் முதல் காரியமாகப் பழைய டீசல் ஸ்டேஷன் வேகன் ஒன்றை வாங்கினார். முன்னால் பார்த்தால் கார், பின்னால் பார்த்தால் கூண்டு. பின் சீட்டை மடித்துவிட்டால் ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கலாம். டீக்கடைக்காரர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “ஏன் மாப்ள, இது காரா, இல்ல காருக்குப் பொறந்த வேனா?” என்று கேட்டார். மாமா அசரவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, ஆனால் வண்டி ஓடினால் தானாக மூடிக்கொள்ளும் என்று என்னிடம் சொன்னார்.

அந்த வண்டி அப்பாவுக்காக வந்த வண்டி. அப்பாவின் சிறுநீரகம் இரண்டும் வேலையை நிறுத்திவிட்டன. வாரத்துக்கு இரண்டு முறை தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். எங்கள் ஊரோ திருத்துறைப்பூண்டிக்கும் அப்பால், வாய்க்கால் கடைமடையில். காவிரித் தண்ணீரே எங்களிடம் வந்துசேர யோசிக்கும். பஸ் மாறி மாறிப் போய்த் திரும்பும்போது அப்பா நனைந்த வைக்கோல் மாதிரித் துவண்டு கிடப்பார். வயலுக்கு மடை திறந்துவிட்டே வளர்ந்த மனிதருக்கு, ஒரு நாளைக்கு இத்தனை டம்ளர் தண்ணீர்தான் என்று அளந்து வைத்துவிட்டார்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். ஆறே அளவாகிவிட்டால் என்ன செய்வது?

மாமாவுக்கு முதலில் வேக ஆசை. டர்போவின் அழுத்தத்தை ஏற்றிவிட்டார். அதற்கப்புறம் வண்டி மிதித்த மாத்திரத்தில் சீறியது. அதன் விசில் தெருமுனையிலேயே கேட்கும். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. தஞ்சாவூருக்கு இனி விட்டேன் தொட்டேன் என்றார். தொடவில்லை. வடுவூர் ஏரி தாண்டுவதற்குள் காற்றுக்குழாய் படாரென்று வெடித்து, வண்டி கரும்புகையைக் கக்கிக்கொண்டு நின்றது. ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு ஒதுக்கிய முறை அன்றைக்குப் போயே போய்விட்டது. புளியமரத்தடியில் வீங்கின காலை நீட்டி உட்கார்ந்திருந்த அப்பா, தலையில் கை வைத்துக்கொண்டு நின்ற மாமாவைப் பார்த்துச் சொன்னார்:

“எனக்குப் பறக்குற வண்டி வேணாம் மாப்ள. வழியில நிக்காத வண்டி இருந்தா போதும்.”

அன்றிலிருந்து மாமா வேறு ஆள். ஏற்றின அழுத்தத்தைப் பாதி இறக்கினார். மெல்லிய குழாய்களைக் கழற்றிவிட்டுக் கெட்டியான குழாய்கள் போட்டார். பெரிய ரேடியேட்டர், காற்றைக் குளிர்விக்கிற புதுப் பெட்டி, புது கிளட்ச் என்று ஒவ்வொன்றாக மாற்றினார். டர்போவுக்கு ஆயில் போகிற சின்னக் குழாயை ஊசி நுழைத்துச் சுத்தம் பண்ணினார். அப்பா கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து, சன்னல் வழியாக இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார். மச்சானும் மாப்பிள்ளையும் நோயைப் பற்றிப் பேசி நான் கேட்டதே இல்லை. பேச்செல்லாம் வண்டியைப் பற்றித்தான். சூடு ஏறுகிறதா, புகை குறைந்ததா, இந்தத் தடவை நின்றதா என்று அப்பா கேட்பார். நிற்கவில்லைங்க மச்சான் என்று மாமா பரீட்சை எழுதின பிள்ளை மாதிரிச் சொல்வார்.

ஒருநாள் பழைய ஆயிலை வடித்துக்கொண்டிருந்தார் மாமா. மை மாதிரி இறங்கியது. அப்பாவுக்கும் இப்படி மாற்றிவிடக் கூடாதா என்று கேட்டேன். அதைத்தான் தஞ்சாவூரில் செய்கிறார்கள் என்றார் மாமா. எனக்கு எல்லாம் விளங்கிப் போயிற்று. அப்பாவும் வண்டியும் ஒரே சமயத்தில் சர்வீசுக்குப் போயிருக்கிறார்கள். வண்டி தேறிவிட்டது, அப்பாவும் தேறுவார். அவர் எலும்பும் தோலுமாக ஆனதும், சிரிக்கும்போது மூச்சு வாங்கியதும் என் கணக்கில் சேரவே இல்லை. வண்டி நிற்கவில்லையே!

தை கடைசியில், பள்ளி விடுமுறை நாளன்று நானும் தஞ்சாவூருக்குப் போயிருந்தேன். அன்றைக்கு ஏதோ மாறி நடந்தது. அப்பாவை மிஷினில் போடவே இல்லை. டாக்டர் அம்மாவையும் மாமாவையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். திரும்பி வந்த அம்மா என்னிடம், “அப்பாவ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்னுட்டாங்க” என்றாள். நான் குதித்தேன். வீட்டுக்கு அனுப்பினால் குணமாகிவிட்டது என்றுதானே அர்த்தம்?

எங்கள் ஊர் வழக்கம் எனக்குத் தெரியாது. வெளியில் மூச்சு போனவரை வாசற்படி தாண்டி உள்ளே கொண்டுபோக மாட்டார்கள். தெருப் பந்தலோடு சரி. தன் மூச்சு தன் வீட்டில்தான் போகவேண்டும் என்று அப்பா முன்பே கேட்டுக்கொண்டிருந்தாராம். வேறு வண்டி எதையும் மாமா நம்பவில்லை. பின் சீட்டை மடித்து, மெத்தை விரித்து, அப்பாவைப் படுக்க வைத்தார்கள். அம்மா பக்கத்தில் முட்டி போட்டு, சலைன் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் முன் சீட்டில்.

வண்டி அன்றைக்கு ஓடின மாதிரி என்றைக்கும் ஓடியதில்லை. வடுவூர் ஏரி வந்தது, போயிற்று. புளியமரம் போயிற்று. நான் திரும்பி, “அப்பா, நிக்கவே இல்லப்பா” என்றேன். அவர் கண் என் பக்கம் வந்தது. இன்னும் வேகமாகப் போங்க மாமா என்று நான் கத்தினேன். மாமா ரோட்டையே பார்த்து ஓட்டினார். முகமெல்லாம் வேர்வை. அவ்வளவு வேர்வையில் கண்ணீரைத் தனியாகப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

கோட்டூர் தாண்டி ஒரு வளைவில் ரோட்டை அடைத்து நெல் காயப் போட்டிருந்தார்கள். சின்னச் சந்துகூட விடவில்லை. அப்பா வண்டியில் இருக்கும்போது நெல்லின் மேல் சக்கரம் ஏறக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். மாமாவின் கால் பழக்கத்தில் பிரேக்குக்குப் போயிற்று. நெல்லைத் துழாவிக்கொண்டிருந்த அம்மாள் ஒருத்தி சண்டைக்கு வருகிற நடையில் வந்தாள். கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள். பாட்டிலைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். கையிலிருந்த துழாவுகோலை ஓரமாகப் போட்டாள்.

“மேலயே ஏத்திட்டுப் போ தம்பி. நெல்லுதானே, அள்ளிக்கலாம்.”

சக்கரத்தின் அடியில் நெல் நொறுநொறுவென்று நொறுங்கியது. அப்பாவுக்குக் கேட்டிருக்கும். எனக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது.

வாசலில் சொந்தக்காரர்கள் காத்திருந்தார்கள். அப்பாவை மெத்தையோடு தூக்கினார்கள். மூச்சு இருந்தது. மாமா செய்த வண்டி சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டது. நானும் கூடவே ஓடப் பார்த்தேன். மாமா என்னைப் பிடித்து, தான் உட்காரும் சீட்டில் உட்கார வைத்தார்.

“நீ இங்க இரு பாப்பா. டர்போ ஆறணும். நான் வந்து சொன்னப்பறம் அணைக்கலாம்.”

இத்தனை பெரிய பொறுப்பை யாரும் எனக்குக் கொடுத்ததில்லை. சாவியில் ஒரு கையை வைத்துக்கொண்டேன். மாமா வந்தால் போட்டுக்கொள்ளட்டும் என்று தகரப் பெட்டியைத் திறந்து, ஒரு வெற்றிலையைப் பாவாடையில் துடைத்து, காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, மடித்து இன்னொரு கையில் வைத்துக்கொண்டேன். இன்ஜின் சத்தத்தில் வீட்டுக்குள் நடப்பது எதுவும் கேட்கவில்லை. தெருப் பெண்கள் அவிழ்ந்த கூந்தலோடு உள்ளே ஓடினார்கள். ஒருத்தி நின்று என்னைப் பார்த்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அவளைப் பார்த்துச் சிரித்தேன்.

மாமா வரவில்லை. வெற்றிலை கைச்சூட்டில் வாடிப்போயிற்று. இன்றைக்கு வண்டி ஓடின ஓட்டம் அப்படி, ஆறுவதற்கு நேரமாகத்தானே செய்யும் என்று எண்ணிக்கொண்டு, சாவியைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தேன்.