நாக்கு நீலமானால்தான் கணக்கு

கோழிப்பண்ணைகளில் வெள்ளைக் கழிச்சல் என்ற கொள்ளை நோய் வராமலிருக்கக் குஞ்சுகளின் கண்ணில் சொட்டு மருந்து விடும் பெண்கள் குழுவை நடத்துகிறேன். ஊர் மல்லசமுத்திரம். இந்த வேலையில் என்னை ஏமாற்றுவது கஷ்டம்.

அன்று ராசிபுரம் பக்கம் ஒரு பண்ணை. வேலை முடிகிற நேரத்தில் பண்ணைக்காரர் என்னிடம் வந்து எங்கள் குழுவின் பொன்னியைக் காட்டினார்.

"ஏனுங்கக்கா, அந்தப் புள்ள போன் வந்தா கையையே நிறுத்திக்குது. ஜோதியைப் பாருங்க, காதுல மாட்டிப் பேசிக்கிட்டே விடுது. நாளைக்குப் பொன்னி வேண்டாமுங்க."

பொன்னிக்கு முகம் சுண்டிப்போனது. அவள் கூலியில்தான் வீடு ஓடியது.

ஜோதி எங்களில் கெட்டிக்காரி. மகளுக்கு மாப்பிள்ளை பேசுவதுகூடப் புளூடூத்தில்தான். கை பாட்டுக்கு ஓடும். "ஏதாவது தப்பியிருக்குமா?" என்று இருவரையும் கேட்டேன்.

"ஒண்ணுகூடத் தப்பாதுக்கா. என் கைக்குத் தெரியும்" என்றாள் ஜோதி.

பொன்னியோ, "அஞ்சாறு தப்பவிட்டிருப்பேனுங்கக்கா" என்று கண்ணைத் துடைத்தாள்.

மருந்தில் நீலச் சாயம் கலந்திருக்கும். கண்ணில் விட்ட சொட்டு உள்ளே இறங்கி நாக்கை நீலமாக்கிவிடும். இருவரும் மருந்து விட்டுப் போட்ட பெட்டிகளிலிருந்து சில குஞ்சுகளை எடுத்து வாயைத் திறந்து பார்த்தேன். பொன்னியுடையவை எல்லாம் நீலம். ஜோதியுடையதில் ஐந்துக்கு ஒன்று வெறும் நாக்கு.

"இது என் பெட்டியே இல்லீங்கக்கா!" என்றாள் ஜோதி.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நீயே தொறந்து பாரு சாமி" என்று அவள் கையில் ஒரு குஞ்சைக் கொடுத்தேன். ஒன்று பார்த்தாள், இன்னொன்று பார்த்தாள், பிறகு காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினாள். அவள் பொய் சொல்லவில்லை. மனசார நம்பியிருந்தாள். பேச்சில் இருந்தவளுக்குச் சொட்டு தப்பியது மட்டுமல்ல, தப்பியதே தெரியவில்லை.

பண்ணைக்காரர் தலையைச் சொறிந்தார். "பொன்னியவே நாளைக்கும் கூட்டியாந்துருங்க" என்றார்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். இரண்டு வேலையை ஒன்றாகச் செய்தால், எப்படிச் செய்தோம் என்று உங்கள் மனசைக் கேட்காதீர்கள். அதுவும் அப்போது வேறு வேலையில்தான் இருந்தது. செய்த வேலையை எடுத்துப் பாருங்கள்.

வேனில் ஏறும்முன் ஜோதி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, போன வாரம் வாழப்பாடியில நான் விட்டதெல்லாம் எப்படி இருக்குமுங்க?"

அங்கே ஒரு பண்ணைக்கு அவள்தான் பொறுப்பாகப் போயிருந்தாள். பார்த்துச் சொல்ல, நாக்கில் நீலமும் இதற்குள் போயிருக்கும். அவளே போனை எடுத்து அந்தப் பண்ணைக்காரரை அழைத்தாள்.

"ஐயா, ஜோதி பேசறேனுங்க. குஞ்சுங்களுக்குத் திரும்ப மருந்து விட நாளைக்கு வாரேனுங்க. எல்லாத்துக்கும்."